குணமணி வாசித்த மக்செலெண்டிஸ்

பேர்பெற்ற புனிதர்கள் மேல் குணமணிக்கு அவ்வளவு அக்கறை இல்லை. அவர்களுக்கென்று கோயிலும் கொடியும் இருக்கின்றன, அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆளுண்டு என்பார். முப்பத்தாறு ஆண்டுகள் அலுவலக எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி. சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் வட்டாரத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் செவ்வாய்தோறும் யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். முடிந்ததும் ஒரு புனிதரின் கதையை வாசிப்பது குணமணியின் பொறுப்பு.

தமிழில் அதிகம் எழுதப்படாதவர்களாகத் தேடினார். அப்படித்தான் இன்றைய பிரான்சில் இருந்த பழைய பிராங்க்கியர் நாட்டுப் பெண்கள் அகப்பட்டார்கள். அடிமையாக விற்கப்பட்டு, அரசியாகி, கடைசியில் மடத்தில் எடுபிடி வேலை செய்த பத்தில்தா. அரசனான கணவனை விட்டு விலகி மடம் கட்டிய ரதெகுந்தா. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் முந்தியவர்கள். குணமணி பேசுவதைக் கேட்டால் யாரோ யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் என்று நினைக்கத் தோன்றும்.

2018இல் நவம்பர் பதின்மூன்று செவ்வாயாக வாய்த்தது. அன்று அந்தப் பெண்களில் இன்னொருத்தியான மக்செலெண்டிஸின் திருநாள். இரண்டு வாரம் சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி அவள் கதையை எழுதினார். பிழை திருத்தியது மகள் ஆரபி.

ஆரபிக்கு ஜனவரி வந்தால் முப்பத்தைந்து. கல்யாணமாகாதவர்கள் தனியாக வீவக எனும் அரசாங்க அடுக்குமாடி வீடு வாங்க அந்த வயது ஆக வேண்டும். உட்லண்ட்ஸில் ஒரு சின்ன வீட்டைப் பார்த்தும் வைத்திருந்தாள். குணமணியோ காத்தோங்கில் இருக்கும் குடும்ப நண்பர் வாகீசனின் மகனுக்கு அவளைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஆரபி இரண்டு முறை வேண்டாம் என்றாள். இரண்டையும் குணமணி வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். திருநாளுக்கு அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம்.

எழுதும்போதெல்லாம் அவர் வாய் ஓயவில்லை.

"என்ன அப்பா அம்மா பாரு. பொண்ணு கன்னியாஸ்திரி ஆகணும்ங்குறா. இவங்க போயி, அவளக் கட்டிக்கக் கேட்ட அந்த ஹார்துவின்கிட்ட சரின்னு சொல்லிட்டு வர்றாங்க."

"ஆமாம்மா," என்றாள் ஆரபி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

செவ்வாய் மாலை குணமணி வீட்டிலேயே கூட்டம். பக்கத்து வீட்டுச் சந்திரமதியும் வந்திருந்தார். முருக பக்தை; செபமாலை முடியும்வரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கதைக்கு மட்டும் நிமிர்வார்.

குணமணி வாசித்தார். பெற்றோர் வெளியே போயிருந்த நாளில் ஹார்துவின் ஆட்களோடு வந்தான். மக்செலெண்டிஸ் ஒரு பெட்டிக்குள் ஒளிந்தாள். கண்டுபிடித்து வெளியே இழுத்தார்கள். திமிறி ஓடியவளை அவன் வாளால் வெட்டினான். வெட்டியதும் அவன் கண் இருண்டது. சில ஆண்டுகள் கழித்து அவள் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்தபோது அவன் மண்டியிட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டான். பார்வை திரும்பியது.

"அவனுக்குக் கண்ணு வந்துடுச்சு, சரி," என்றார் சந்திரமதி. "அந்த அப்பா அம்மா என்ன ஆனாங்க, குணமணிக்கா?"

"அதப் பத்தி எனக்கு ஒண்ணும் கெடைக்கல."

"பொண்ணு சொன்னத மொதல்லயே அவங்க கேட்டிருந்தா அவ ஏன் பெட்டிக்குள்ள போறா? புனிதரும் ஆகியிருக்க வேணாம்லா. நிம்மதியா சோறு தின்னுட்டு இருந்திருப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலில் நின்ற ஆரபி மட்டும் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குணமணி அந்த முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். முடிவுச் செபத்தை அன்று வேறொருவர் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் காலை, ஆரபி வேலைக்குக் கிளம்புமுன், அவள் எதிரிலேயே வாகீசனுக்குப் போன் போட்டார்.

"அண்ணன், பிழை என்னோடது. பிள்ளைய கேக்காம வாக்குக் குடுத்துட்டேன்."

"சாப்பாட்டுக்குச் சொல்லியாச்சே, குணமணி. அம்பது பேருக்கு."

"தெரியும் அண்ணன். மன்னிச்சுக்குங்க."

"என் மகனும் ஒண்ணும் துள்ளிக் குதிக்கல," என்றார் வாகீசன். "வெக்கப்படுறான்னு நெனச்சேன்."

ஆரபி ஒரு காலில் செருப்போடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அலுவலகத்துக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனாள்.

மே மாதம் உட்லண்ட்ஸ் வீட்டுச் சாவி கிடைத்தபோது முதலில் உள்ளே நுழைந்தவர் குணமணிதான். குழாயைத் திறந்து பார்த்தார். ஜன்னல் வழியே எதிர்க்கரையில் ஜொகூர்ப் பக்கத்துக் கட்டடங்களைப் பார்த்தார்.

"எனக்குப் படுக்க எடம் எங்க?"

"ஹால்ல, சோபாவுல."

"காத்து வருது. போதும்."

பின் வந்த ஆறு ஆண்டுகளில் பல சனிக்கிழமைகள் அவர் அங்கேதான் படுத்தார். நன்றாகத் தூங்கினார்.