வாய்மொழித் தேர்வுக்கு இரண்டாம் முறை

தேர்வு நாட்களில் நான் வாந்தி எடுப்பேன். காலையில் அம்மா கலக்கிக் கொடுக்கும் கோப்பியும் ரொட்டியும் கல்லூரி வாசல் வரைதான் வயிற்றில் தங்கும். உள்ளே நுழைந்ததும் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் குழாயடிக்கு ஓடுவேன். வாயைக் கொப்பளித்து, முகத்தில் தண்ணீர் அடித்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு போய் என் இடத்தில் உட்காருவேன். கேள்வித்தாளைத் திருப்பியதும் கை தானாக எழுதத் தொடங்கிவிடும். எழுத்துத் தேர்வில் ஒரு வசதி உண்டு; யாரும் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை.

தேர்வு நெருக்கடி ஆளை வளர்க்கும் என்று இப்போது மேடையில் பேசுகிறார்கள். கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. நெருக்கடி தானாக யாரையும் வளர்த்து நான் பார்த்ததில்லை. என்னோடு படித்தவர்களில் அது நொறுக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் வளர்ந்தேன், மறுக்கவில்லை. எப்படி வளர்ந்தேன் என்பதை மட்டும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

நாடு சுதந்திரம் அடைந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கடைசி ஆண்டில் இருந்தேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். போருக்குப் பிறகு மலாக்கா டவுனுக்கு வந்து, நகராண்மையில் தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்தார். காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வரிசையிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான்தான். அதில் அப்பாவுக்குப் பெருமை இருந்தது. அம்மாவுக்குப் பெருமையைவிடக் கவலை அதிகம். படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைப்பானா என்பது ஒரு கவலை, படித்தும் தோற்றுப் போனால் என்ன செய்வது என்பது இன்னொன்று.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கம்போங் செட்டி தொடங்கியது; பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து மலாய் பேசிப் பழகிவிட்ட செட்டிக் குடும்பங்களின் குடியிருப்பு அது. அடுத்த வீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பெண்கள் அணியும் கபாயாச் சட்டை தைத்துக் கொடுப்பாள். நெற்றியில் எங்களைப் போலவே திருநீறு, கும்பிடுவது அதே மாரியம்மன், பேசுவது மட்டும் மலாய். அதுவும் அவர்கள் வீடுகளில் மட்டும் புழங்குகிற, சொற்களின் வாலைச் சுருக்கி இழுக்கிற ஒரு மலாய். தமிழில் அவளுக்கு உறவுமுறைச் சொற்களும் பூசைச் சொற்களும் தெரியும், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து வேலியோரம் நின்று அவளோடு பேசிப் பேசி, அந்த மலாய் எனக்கும் தண்ணீர்பட்ட பாடாக வந்துவிட்டது.

அதனால்தான், இனி பயிற்சி ஆசிரியர்கள் தேசிய மொழியான மலாயில் வாய்மொழித் தேர்வும் தேற வேண்டும் என்று கல்லூரியில் அறிவித்தபோது நான் கொஞ்சமும் கவலைப்படவில்லை. மற்றவர்கள் மலாய்ப் பாடப் புத்தகத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். நான் உளவியல் படித்தேன்.

தேர்வறையில் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கோலாலம்பூரிலிருந்து வந்த தேர்வாளர். கண்ணாடி போட்டவர், சிரித்த முகம். "நீ குடியிருக்கும் இடத்தைப் பற்றிச் சொல்" என்று மலாயில் கேட்டார்.

இதைவிட எளிதான கேள்வி கிடைக்குமா? காஜா பெராங் சாலையைப் பற்றிச் சொன்னேன். கோயில்களைச் சொன்னேன். திருவிழாவுக்குக் கூட்டம் அலைமோதும், கலகலப்பாக இருக்கும் என்று சொல்ல வந்து, என் தோழி சொல்வது போலவே "ராமே" என்றேன்.

அவர் கையை உயர்த்தினார். "என்ன சொன்னாய்?"

"ராமே, துவான்."

"ராமாய்" என்றார். பிறகு பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "இந்த மலாயை எங்கே கற்றாய்? மீன் பாசாரிலா? இதை வைத்துக்கொண்டா பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போகிறாய்?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். பெரிய சிரிப்பு இல்லை, சின்னச் சிரிப்புத்தான். ஆனால் என் நாக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. அடுத்து அவர் கேட்டவை எல்லாம் காதில் விழுந்தன, புரியவும் செய்தன. பதில் வரவில்லை. ஒரு சொல்கூட வரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவரே பொறுமை இழந்து, "போகலாம்" என்றார்.

முடிவு பலகையில் ஒட்டப்பட்டபோது எழுத்துத் தேர்வு எல்லாவற்றிலும் தேறியிருந்தேன். வாய்மொழியில் தோல்வி. அது தேறாமல் சான்றிதழ் கிடையாது.

எங்கள் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த விரிவுரையாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவரும் தமிழ்ப் பெண்மணிதான். ஆனால் என்னிடம் ஒருநாளும் தமிழில் பேசியதில்லை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அன்று எனக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார். மிக மென்மையான ஆங்கிலத்தில் சொன்னார்: "உனக்கு நரம்புத் தளர்ச்சி இருக்கிறது. தேர்வு நாட்களில் குழாயடியில் உன்னைப் பார்த்திருக்கிறேன். வகுப்பறை உனக்கு ஒத்து வராது. மறுதேர்வில் இன்னொரு முறை தோற்பதைவிட நீயாகவே விலகிக்கொள்வது கௌரவம். உன்னைப் போன்ற குடும்பத்திலிருந்து வந்து இவ்வளவு தூரம் படித்ததே பெரிது."

"யோசித்துச் சொல்கிறேன், மிஸ்" என்று எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் தோட்டத்திலிருந்து பெரியம்மா வந்திருந்தார். சேதி எப்படித்தான் அவ்வளவு சீக்கிரம் போனதோ! ஒரு சம்பந்தத்தோடு வந்திருந்தார். மாப்பிள்ளை தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, சொந்தமாக மோட்டார் சைக்கிள் இருக்கிறது, நல்ல குணம்.

"பரீட்சையில கோட்டை விட்ட பிள்ளைக்கு இதுக்கு மேல எங்க இடம் கிடைக்கும்? சொல்றத கேளு லா" என்றார் பெரியம்மா.

அம்மாவும் சேர்ந்துகொண்டார். "டீச்சர் வேலைதான் இல்லன்னு ஆயிருச்சே. இன்னும் எதுக்கு யோசிக்கணும், பிள்ள?"

அப்பா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். கை கழுவிக்கொண்டே, "அவள கேளுங்க. அவதான் சொல்லணும்" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நொடியில் நடந்ததை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்குள் திடீரென்று தைரியம் எதுவும் பிறக்கவில்லை. பசித்தது. அவ்வளவுதான். இத்தனை ஆண்டுகளாக நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்து முடிந்துவிட்டது. எல்லார் முன்னாலும் தோற்று, சிரிப்புக்கு ஆளாகி வந்து நிற்கிறேன். அப்படியும் உலகம் இருக்கிறது, அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கிறது, எனக்குப் பசிக்கிறது. இவ்வளவுதானா தோல்வி? இதற்காகவா குழாயடியில் குடலைப் பிடுங்கிக்கொண்டு நின்றேன்?

"மறுபடியும் போறேன்" என்றேன்.

"மறுபடியும் விழுந்தா?" என்று கேட்டார் அம்மா.

"மறுபடியும் விழுறேன். சோறு போடுங்கம்மா."

அம்மா கோபத்தோடுதான் போட்டார். நானும் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

என் தோழியிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் தையலை நிறுத்திவிட்டாள். "என் பேச்சால்தானே உனக்கு இப்படி ஆனது? இனி என்னோடு இந்தப் பேச்சில் பேசாதே" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவளுடைய தாயும் தாயின் தாயும் பேசிய மொழிக்காக அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேசியதுதான் எனக்கு அந்தத் தேர்வாளரின் சிரிப்பைவிட அதிகமாக உறைத்தது.

"முடியாது. புத்தக மலாயையும் படிப்பேன், உன் மலாயிலும் பேசுவேன். ரெண்டுக்கும் என் வாயில் இடம் இருக்கிறது" என்று சண்டைக்குப் போவது போலச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

எனக்குப் பாடம் தெரியாமல் இல்லை. ஆட்கள் முகத்துக்கு முன்னால் வாய் திறக்கத்தான் தெரியவில்லை. அதை அறைக்குள் உட்கார்ந்து கற்க முடியுமா? நானும் அவளும் சாயங்காலங்களில் பண்டார் ஹிலிர் திடலுக்குப் போனோம். கடல் அப்போது திடலை ஒட்டியே இருந்தது. காற்றுக்கும் அலைக்கும் குரல் எடுபடாது. நான் கடற்சுவரருகே நின்று மலாய்ப் பத்திரிகையை உரக்கப் படிக்க வேண்டும். அவள் தூரத்து மரத்தடியில் நிற்பாள். காதில் விழாவிட்டால் கையிலிருக்கும் குடையைத் தூக்குவாள்.

முதல் நாள் அந்தக் குடை இறங்கவே இல்லை. திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்த இளைஞர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னைப் போலவே கீச்சுக் குரலில் படித்துக் காட்டினார்கள். எனக்குக் காது சுட்டது. பத்திரிகையை மடித்தேன். மரத்தடியில் குடை இன்னும் உயர்ந்தது. "ஜாங்ஙான் தாக்கோட்!" என்று அவள் கத்தினாள். பயப்படாதே என்று சொல்கிறாளாம். வேலியோரம் மெதுவாகப் பேசுகிறவள், கபாயாவும் சாரோங்குமாக நடுத் திடலில் நின்று அப்படிக் கத்துவதைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகப் போயிற்று. விரித்துப் படித்தேன். அவர்கள் கீச்சிட்டார்கள். நான் இன்னும் உரக்கப் படித்தேன்.

நாள் போகப் போக அவர்களுக்குச் சலித்துவிட்டது. எனக்குச் சலிக்கவில்லை. மழையால் ஒருநாள் நாங்கள் போகவில்லை. அடுத்த நாள் போனபோது, "அக்கா, நேற்றுச் செய்தி கேட்க முடியவில்லையே!" என்று ஒருவன் மலாயில் கத்தினான். கிண்டலா, நிஜமா என்று தெரியவில்லை. நேற்றைய செய்தியையும் சேர்த்தே படித்தேன்.

அம்மா காதுக்கும் இது போயிற்று.

"திடல்ல நின்னு கத்துறியாமே? ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும்மா. பழகிருச்சி."

விரிவுரையாளரிடம் போய், விலகப் போவதில்லை என்று சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, "உன் விருப்பம். பிறகு என்னைக் குறை சொல்லாதே" என்றார்.

மறுதேர்வு நாள் வந்தது. பயம் போய்விட்டிருக்கும் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், போகவில்லை. அன்றும் குழாயடிக்கு ஓடினேன். ஒரு வித்தியாசம், இந்த முறை முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பும்போது யாராவது பார்த்தார்களா என்று தேடவில்லை. பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

அதே அறை, அதே கண்ணாடிக்காரர். என்னை அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். அதே கேள்வியைத்தான் கேட்டார்.

நான் சொன்னேன். இலக்கணம் பிசகாமல், மேசையைப் பிடிக்காமல், கடற்காற்றுக்குப் பழகிய குரலில் சொன்னேன். திருவிழா வந்தது. "ராமாய்" என்று திருத்தமாக உச்சரித்தேன். அவர் தலையை ஆட்டினார். அங்கேயே விட்டிருந்தால் நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும். நான் விடவில்லை.

"எங்கள் பக்கத்து வீட்டில் இதை ராமே என்பார்கள், துவான்."

அவர் நிமிர்ந்தார். "அது புத்தகத்தில் இல்லையே."

"புத்தகத்தில் இல்லை, துவான். காஜா பெராங்கில் இருக்கிறது. அந்தச் சொல்லோடு ஒரு பிள்ளை என் வகுப்புக்கு வரும். சரியான சொல்லை அதற்குச் சொல்லிக் கொடுப்பேன். சிரிக்க மாட்டேன். சிரித்தால் அது வாயை மூடிக்கொள்ளும். போன முறை நான் மூடிக்கொண்டேன்."

அவர் ஏதோ எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "பிடிவாதக்காரி" என்றார். திட்டினாரா, பாராட்டினாரா என்று இன்றுவரை தெரியாது. அவர் மனம் மாறினார் என்றெல்லாம் கதை கட்டவும் எனக்கு விருப்பமில்லை. தேறினேன், ஆனால் விளிம்பில்தான். அந்த ஒரு வாக்கியத்துக்காக எவ்வளவு குறைத்தாரோ, குறைத்தது குறைத்ததாகவே இருக்கட்டும்.

கிராணி மாப்பிள்ளைக்கு வேறு பெண் அமைந்தது. பெரியம்மா என்னோடு கொஞ்ச காலம் பேசவில்லை. பிறகு தன் பேத்தியைப் பள்ளியில் சேர்க்க என்னிடம்தான் வந்தார். எனக்குப் புக்கிட் காதில் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது.

சான்றிதழ் வழங்கும் நாளில் பெற்றோர்களும் வந்திருந்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டையில், அம்மா கல்யாணப் பட்டில். விரிவுரையாளர் எங்களிடம் வந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, அப்பாவைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: "நெருக்கடிதான் ஆளை உருவாக்கும் என்று நான் எப்போதும் சொல்வேன். பாருங்கள், தேர்வு உங்கள் மகளை எப்படி வளர்த்துவிட்டது."

அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. மரியாதைக்குச் சிரித்தார். வழக்கமாக நானும் சிரித்து, நன்றி சொல்லியிருப்பேன். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்பதும் தெரிந்தது. ஆனால் என் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் நின்றார்கள். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்று தோன்றியது. தமிழில் சொன்னேன்.

"இல்ல மிஸ். நீங்க என்னைப் போகச் சொன்னீங்க. நான் போகல."

அவர் முகம் சிவந்தது. பிறகு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, தமிழில் பேசினார். யாழ்ப்பாணத்துத் தமிழ்.

"ஓம், சொன்னனான்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

அம்மா என் கையைக் கிள்ளினார். நான் கையை எடுத்துக்கொள்ளவில்லை.