கோழி வளர்ப்பைக் கூப்பிடுங்கள்

புத்தகம் எங்கே இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாமல் நூலகம் நடத்துவதுதான் இப்போது எங்கள் தொழில். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற உங்களுக்கு இது புரியும்.

உள்ளே போக முடியாது

திருச்சியில் எங்கள் கல்லூரி நூலகத்தில் அலமாரிகளை எடுத்துவிட்டார்கள். புத்தகங்கள் இரும்புப் பெட்டிகளில் கூரைவரை அடுக்கியிருக்கின்றன. கணினியில் புத்தகத்தின் பெயரைத் தட்டினால் இயந்திரம் போய் அந்தப் பெட்டியைக் கவுண்டருக்குக் கொண்டுவரும். உள்ளே பாடவாரியாக வரிசை கிடையாது. புத்தகங்களின் உயரம் ஒத்துப்போனால் ஒரே பெட்டிதான்.

அன்று காலை ஸ்ரீரங்கத்திலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் வரதன் வந்தார். அவர் கேட்ட பாசுர உரை, கோழி வளர்ப்புக்கும் வருமான வரிக்கும் நடுவில் வந்தது. பக்கத்தில் இன்னொரு பெட்டியில், என்னுடன் வேலை செய்யும் செல்வராணி திரும்பிவந்த புத்தகங்களை வைத்துக்கொண்டிருந்தார். வரதன் உரையைத் துண்டால் துடைத்தபடி எங்கள் இருவரையும் பார்த்தார்.

"பெருமாளையே கிட்டக்கப் போய் சேவிச்சுட்டு வரேன். புஸ்தகத்தைக் கண்ணால பார்க்க விடமாட்டேங்கறேளே!"

மடங்காமல் இருக்க

பதினொரு மணிக்கு நஸ்ரீன் ஓடிவந்தாள். எம்.ஏ. மாணவி, வீடு பாலக்கரை. அண்ணனுக்குச் சாயங்காலம் ஷார்ஜா ஃப்ளைட். ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்த பாஸ்போர்ட்டை மடங்காமல் இருக்க நூலகப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். காலையில் அந்த நினைவே இல்லாமல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இதோ வந்துடும்மா" என்று பெயரைத் தட்டினேன். பெட்டி வந்தது. அதில் அந்தப் புத்தகம் இல்லை.

"அண்ணன் வெளியில ஆட்டோல உக்காந்திருக்கு சார். நான் ஜெராக்ஸ் எடுக்க வந்திருக்கேன்னு நினைச்சுட்டிருக்கு. தெரிஞ்சா என்னைக் கொன்னுடும்."

பக்கத்துப் பெட்டி

நடந்த தவறு செல்வராணிக்கு அப்போதுதான் பிடிபட்டது. வரதனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இடது பெட்டியின் எண்ணைப் பதிந்து, நஸ்ரீன் திருப்பிய புத்தகத்தை வலது பெட்டியில் போட்டிருக்கிறார். வலதில் நின்றது வரதனுக்கு வந்த பெட்டி. அதைத் திரும்ப அழைக்கலாமென்றால், உள்ளே இருக்கும் புத்தகத்தின் பெயரைச் சொன்னால்தான் பெட்டி வரும்; உரையை வரதன் எடுத்துப் போய்விட்டார். பாசுர உரையைத் தட்டினால் 'வாசகரிடம் உள்ளது' என்று மட்டும் காட்டியது. மற்றபடி ஆயிரக்கணக்கான பெட்டிகளில் எதைத் திறப்பது?

"சார், கோழி! கோழி வளர்ப்பைக் கூப்பிடுங்க!" என்றார் செல்வராணி.

பெட்டி ஆடி அசைந்து வந்தது. கோழிக்கும் வருமான வரிக்கும் நடுவில் நஸ்ரீனின் புத்தகம், விரித்ததும் பாஸ்போர்ட். அவள் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அண்ணன் உள்ளே வந்தான்.

"ஏம்மா, ஒரு ஜெராக்ஸ் எடுக்க இவ்வளவு நேரமா?"

அன்றிலிருந்து கோழி வளர்ப்பு நூலை யார் கேட்டாலும், செல்வராணி கொஞ்சம் யோசித்துத்தான் கொடுக்கிறார்.