புளித்த மோரும் பட்டர்ஃபீல்ட் குடும்பமும்

டுவைட் கெம்பரைத் தெரியுமா என்று ஹார்லன் ஃபால்ஸில் கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள், மீதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். மாவட்ட நீர் வாரியத்தில் நாற்காலியைத் தேய்த்தே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். அடுத்த வீட்டு மேப்பிள் மரத்து இலைகள் தன் புல்தரையில் விழுகின்றன என்று நகராட்சியில் புகார் கொடுத்தவர். தேவாலயத்தில் வெள்ளிக்கிழமை மீன் பொரித்துப் போட்டால் இரண்டு முறை வரிசையில் நின்று வாங்கித் தின்பார், வாயைத் துடைத்துக்கொண்டு மீனில் உப்பில்லை என்பார்.

இந்த ஆள் இணையத்தில் ஒரு ராஜா என்றால் யாராவது நம்புவார்களா? நம்பித்தான் ஆக வேண்டும். அங்கே அவருக்குப் பெயர் புளித்த மோர்.

செய்தித்தாள்களில் வரும் படக்கதைகளைத் தினமும் காலையில் வெளியிடுகிற இணையதளம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு படக்கதைக்குக் கீழேயும் வாசகர்கள் எழுத இடம் உண்டு. வேலைவெட்டி இல்லாதவர்கள் காபிக் கோப்பையோடு அங்கே கூடி, அன்றைய படக்கதையின் மூன்று கட்டங்களையும் கொத்திக் குதறுவார்கள். ‘பட்டர்ஃபீல்ட் குடும்பம்’ என்ற படக்கதையின் அடியில்தான் நம்மவரின் சிங்காசனம். அந்தப் படக்கதையும் லேசுப்பட்டதல்ல. அப்பா மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவார். நாய் மேசை மேலிருக்கும் ஆப்பிள் கேக்கைத் தின்னும். அம்மா இடுப்பில் கை வைத்து நிற்பாள். ஐம்பது வருடமாக இதேதான். முதலில் வரைந்தவர் செத்துப்போய், இப்போது அவர் மகள் கார்லீன் டிட்மர் வரைகிறார். எழுபதைத் தாண்டிய அந்த அம்மாளுக்குக் கை நடுங்குவது கோடுகளிலேயே தெரியும்.

டுவைட்டுக்கு அந்த நடுக்கம்தான் பிழைப்பு. நேற்று இடப்பக்கம் இருந்த சோபா இன்று வலப்பக்கம் வந்தது எப்படி என்று எழுதுவார். அம்மாவின் கையில் விரல்களை எண்ணுவார். எழுதிய சிறிது நேரத்தில் நூறு லைக்குகள் விழும். ட்ரூடி என்று ஒருத்தி, அடுத்த ஊர்ப் பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள், “மோரு, இன்னைக்கும் கொன்னுட்டீங்க” என்று அடியில் போடுவாள். அந்த ஒரு வரிக்காகத்தான் அவருக்குப் பொழுது விடிந்தது. மனைவி ரோவேனா காலை உணவைக் கொண்டுவந்து வைத்தால் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே ரொட்டி கருகியிருக்கிறது என்பார். அவளுக்கு லைக் போடவாவது ஒரு ஆள் உண்டா?

இந்த நிலையில் ஊர்ப் பத்திரிகை ஓர் அறிவிப்பு போட்டது. பக்கம் சுருங்குகிறது, ஏதாவது ஒரு படக்கதையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போடப் போகிறோம், எதை எடுப்பது என்று வாசகர்களே நூலகத்துக்கு வந்து சொல்லுங்கள் என்றது. எங்கள் ஊர்ப் பக்கம் இதெல்லாம் பெரிய விஷயம். போர் வந்தால்கூடப் பத்திரிகைக்குப் போன் செய்யாத ஜனங்கள், படக்கதையில் கை வைத்தால் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள்.

எடுக்கப்போவது பட்டர்ஃபீல்ட்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கார்லீன் அம்மாளும் பேட்டி கொடுத்தார். என் அப்பா முதன்முதலில் வரைந்தது இந்தப் பத்திரிகைக்குத்தான், இவர்களே வேண்டாமென்றால் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன், பட்டர்ஃபீல்ட் இனி எங்குமே வராது என்றார்.

இணையதளத்தில் ஒரே கொண்டாட்டம். வருடக்கணக்காக “இந்தச் சவத்தை எப்போது புதைப்பார்கள்?” என்று எழுதிவந்த டுவைட்டுக்கு மாலை போடாத குறை. கூட்டத்தில் புளித்த மோர்தான் முதலில் பேச வேண்டும், நான் காரை எடுத்துக்கொண்டு வருகிறேன், போனில் படம் பிடித்து எல்லோருக்கும் காட்டுகிறேன் என்று ட்ரூடி வாக்குக் கொடுத்தாள். டுவைட் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டி வைத்தார்.

கூட்டத்தன்று காலையில்தான் அந்த யோசனை வந்தது. பட்டர்ஃபீல்டுக்குப் பதிலாக வரப்போகும் புதுப் படக்கதையைப் போய்ப் பார்த்தார். யாரோ ஒரு இளைஞன் வரைந்தது. நன்றாக இருந்தது. உண்மையாகவே நன்றாக இருந்தது. மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு தேடியும் ஒரு விரல் அதிகமில்லை, ஒரு நாற்காலி இடம் மாறவில்லை. அடியில் நாலைந்து பேர் “அருமை” என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இவரும் தன் பங்குக்கு ஒரு நக்கலை எழுதிப் போட்டார். மதியம் வரை ஒரு லைக்கும் வரவில்லை. பிறகு யாரோ, “பெரியவரே, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டிருந்தார்கள்.

நல்லதற்குக் கீழே தனக்கு இடமில்லை என்பது மனிதருக்கு அப்போதுதான் உறைத்தது. சவத்தைப் புதைத்தால் இவருடைய சிங்காசனமும் கூடவே குழிக்குள் போகும். நாளைக் காலையில் எழுந்து எதைத் திட்டுவது? ரொட்டியையா?

நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம். ஒரு பக்கம் நரைமுடிக்கு நீலச் சாயம் பூசிச் சுருட்டிவிட்ட கிழவிகள், பட்டர்ஃபீல்ட் வேண்டுமென்று. மறு பக்கம் ட்ரூடியும் அவள் திரட்டிக்கொண்டு வந்த ஆட்களும். பத்திரிகையின் படக்கதைப் பக்க ஆசிரியை கை தூக்கச் சொல்லி எண்ணிப் பார்த்தாள். கிட்டத்தட்டச் சரிசமம். டுவைட் மட்டும் கையைத் தூக்காமல் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று அவரை எழுப்பிவிட்டாள். ட்ரூடி போனை உயர்த்திப் பிடித்தாள்.

“அது இருக்கட்டும்” என்றார் டுவைட்.

“எது சார்?”

“பட்டர்ஃபீல்ட். எடுக்க வேணாம்.”

போனைப் பிடித்த ட்ரூடியின் கை இறங்கவே இல்லை. ஆசிரியை விடாமல் காரணம் கேட்டாள். தான் திட்டுவதற்கு வேண்டும் என்று சபையில் சொல்ல முடியுமா? அந்த யோக்கியதையாவது அவரிடம் இருந்திருந்தால் நான் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றியிருப்பேன். டுவைட் தொண்டையைச் செருமிக்கொண்டு கிழவிகள் பக்கம் திரும்பினார்.

“நான் தினமும் காலையில எந்திரிச்ச உடனே அதைத்தான் படிக்கிறேன். ஒரு நாள் விட்டதில்ல. அது இல்லாத காலைய என்னால நெனச்சுப் பார்க்க முடியல.”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை. கிழவிகள் கைதட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். பட்டர்ஃபீல்ட் பிழைத்தது.

பின்வரிசையில் மழைக்கோட்டோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் எழுந்து வந்து நடுங்கும் கையை நீட்டினார். கார்லீன் டிட்மரேதான். டுவைட்டின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்குள் ட்ரூடி அருகில் வந்துவிட்டாள்.

“இவர் பேரு டுவைட் மட்டும் இல்லம்மா. இவர்தான் புளித்த மோர். வெப்சைட்ல உங்களைத் தெனமும் கிழிச்சுத் தொங்கவிடுற ஆளு.”

டுவைட் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். கார்லீன் அம்மாள் கையை விடவில்லை. “மோரா நீங்க? உங்களைத்தான் நான் முதல்ல படிப்பேன்” என்றார். “என் படத்தை அவ்வளவு உத்துப் பார்க்கறவங்க வேற யாரு இருக்காங்க?”

வீட்டுக்கு வருவதற்குள் ட்ரூடி எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. மறுநாள் டுவைட் எதுவுமே நடக்காததுபோல் நாயின் வாலைப் பற்றி ஒரு வரி எழுதினார். “உங்கள் கண்ணீர் காய்ந்ததா மோர்?” என்று ஒருவன் கேட்டான். “அது இல்லாத காலையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை” என்று அவர் பேச்சையே நாற்பது பேர் அடியில் வரிசையாக ஒட்டினார்கள். ட்ரூடி வேறொரு ராஜாவைத் தேடிப் போய்விட்டாள். அப்போதாவது மனிதர் ஒதுங்கியிருக்கலாம். வேறு எங்கே போவார்? அடிபட்ட இடத்திலேயே உட்கார்ந்து நாள் தவறாமல் எழுதினார், அடியும் நாள் தவறாமல் விழுந்தது.

படக்கதைகளைச் சில வாரங்களுக்கு முன்பே வரைந்து அனுப்பிவிடுவார்கள். அதனால் கார்லீன் அம்மாளின் கைவேலை தெரிய கொஞ்சம் நாளாயிற்று. இலையுதிர்காலம் முடியும்போது ஒரு காலையில், அம்மா இடுப்பில் வைத்திருந்த கையில் டுவைட் ஆறு விரல்களைக் கண்டார். உயிர் வந்தது அவருக்கு. காபியைத் தள்ளி வைத்துவிட்டு வெளுத்துக் கட்டினார். கார்ட்டூன் வரையும் கைக்கு எண்ணத் தெரியாவிட்டால் கையுறை தைக்கப் போகலாமே என்று முடித்தார். பழைய நாட்களைப்போல் இன்று நூறு விழும் என்று காத்திருந்தார்.

ஒரே ஒரு பதில் வந்தது. கார்லீன் டிட்மர் எழுதியிருந்தார்: “கவனிச்சுட்டீங்களா டுவைட்? அந்த விரல் உங்களுக்காகத்தான் போட்டேன். நாளைக்கும் ஒண்ணு இருக்கு, தேடிப் பாருங்க.” அதற்கு மட்டும் எண்ணூறு லைக்குகள்.

ரோவேனா ரொட்டித் தட்டை வைத்தபடி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். அவள் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

“அந்தம்மாவுக்கு உன் மேல எவ்வளவு பிரியம் பாரு. குழந்தைக்கு முட்டாய் ஒளிச்சு வைக்கிற மாதிரி ஒளிச்சு வைக்கிறா” என்றாள்.

டுவைட் ரொட்டியைக் கடித்தார். கருகியிருந்தது, குறை சொல்லாமல் தின்று முடித்தார். மறுநாள் விடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைத் திறந்தார். அப்பா, அம்மா, நாய் என்று ஒவ்வொருவராக விரல் வைத்துத் தேட ஆரம்பித்தார்.