ஒரே தாளில் இரண்டு கதவுகள்

நிந்தவூரில் ஒரு தளபாடப் பட்டறையில் கதவு, கட்டில்களுக்குப் பூவேலை வரைவது என் தொழில். நான் கணினியில் வரைந்து கொடுப்பதை இயந்திரம் மரத்தில் செதுக்கும். சேர்ந்த புதிதில் முதலாளி ஒரு கல்யாண வீட்டின் முன்கதவைத் தந்து, "தங்கச்சி, இது சரி வந்தா இனி நீங்கதான் வரையிற. பிழை வந்தா டெலிபோனுக்குப் பதில் சொல்ற வேலதான்" என்றார். அதற்கா நான் இவ்வளவு படித்தேன்? ஒரு கை பார்ப்பது என்று இறங்கினேன்.

வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றின் இணையப் பக்கத்தில் பழைய பிரெஞ்சு அலங்கார வரைபடங்கள் இருந்தன. வரைந்தவர் யாரென்று தெரியாது என்று ஒவ்வொன்றின் கீழும் போட்டிருந்தது. பெயரே இல்லாத அந்த மனிதன் மை தொட்டு இழுத்திருந்த கொடிகளைக் கண்டு எனக்குப் பொறாமையே வந்துவிட்டது. ஓர் இரட்டைக் கதவுப் படத்தை எடுத்துக்கொண்டேன். இடப்பக்கம் ஒரு பறவை, வலப்பக்கம் இறக்கை முளைத்த குழந்தை முகம். முஸ்லிம் வீட்டு வாசலில் உருவம் வைக்க முடியுமா? இரண்டையும் அழித்து இலைகளால் நிரப்பவே நாலு நாள் போனது. வேறெதிலும் கை வைக்கவில்லை.

செதுக்கி முடிந்ததும் மணப்பெண்ணும் அவளுடைய உம்மாவும் பட்டறைக்கு வந்தார்கள்.

"என்ன புள்ள இது? ஒரு பக்கம் பூமால, மத்தப் பக்கம் சிப்பி. ரெண்டு வீட்டுக் கதவக் கொண்டந்து சேத்த மாதிரி!" என்றார் உம்மா.

ஓடிப்போய்ப் படத்தைத் திறந்தேன். வாடிக்கையாளர் ஒன்றைத் தெரிவு செய்வதற்காக ஒரே தாளில் இரண்டு மாதிரி வரைவது அந்தக் கைவினைஞர்களின் வழக்கம் என்று கீழேயே எழுதியிருந்தது. பறவையையும் பிள்ளையையும் துரத்திக்கொண்டிருந்த எனக்கு அதை வாசிக்க நேரம் எங்கே?

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் டெலிபோன் மணி கேட்டது. விடுவதாயில்லை நான்.

"என்ட பிழைதான். ஒரு கதவ மாத்தித் தாறன்" என்றுவிட்டு மணப்பெண்ணிடம், "எந்தப் பக்கம் வேணும்?" என்று கேட்டேன்.

"பூமாலதான்" என்றார் உம்மா.

"நான் மகளிட்டக் கேட்டன்."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கல்யாணத்துக்குக் கட்டும் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். அப்படியிருந்தும் அவள் தயங்கினாள். பிறகு வலப்பக்கக் கதவைத் தடவியபடி என்னிடம் சொன்னாள்:

"ஓட்டுலருந்து ஜன்னல் வரைக்கும் எல்லாம் உம்மாவும் வாப்பாவும்தான் எடுத்த. என்னட்டக் கேட்டது இது மட்டும்தான் ராத்தா. சிப்பி போடுங்க."

உம்மா வாயைத் திறக்குமுன் இடப்பக்கக் கதவில் பென்சிலால் பெரிதாகக் குறுக்கே கோடு போட்டேன். முதலாளி புதுப்பலகை எடுக்கப் போனார்.

இப்போது எல்லாக் கதவையும் நான்தான் வரைகிறேன், ஒரே தாளில் இரண்டு மாதிரியாக. தாளை மணப்பெண்ணின் கையில்தான் கொடுப்பேன். உம்மாமார் கோபிக்கிறார்கள். கோபிக்கட்டும்.