ஒரு சாண் தூரத்து வாசனை

குளித்துவிட்டு வந்து, உடம்பில் ஈரம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே நெஞ்சுக்குழியில் சென்ட்டு ஒரு தொடல், முழங்கையின் உள்மடிப்பில் ஒரு தொடல். அவ்வளவுதான். பிறகு சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெற்றுடம்போடு சும்மா நிற்பார். "என்ன அத்தான், தவமா?" என்று, கடைக்குச் சேர்ந்து போக வந்து கூடத்தில் காத்திருக்கும் மச்சினி கேட்பாள். "ஸ்பிரிட்டு போகட்டும்மா. அது போனப்புறம்தான் வாசனை வாயத் தொறக்கும்." மணிக்கட்டோடு மணிக்கட்டு வைத்துத் தேய்ப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "பூவக் கசக்கிட்டு மோந்து பாக்கிற மாதிரி."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பின்பக்கத்து இருட்டறையில் பார்வையைச் சோதிக்கும்போது, அவர் முகத்துக்கும் வந்தவர் முகத்துக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கும். "முன்னபின்ன தெரியாதவங்க மூஞ்சிகிட்ட மூஞ்சியக் கொண்டுபோறோம். நம்ம வாசனை அவங்க மேல ஏறி உக்காரக் கூடாது. 'பயப்படாதீங்க'ன்னு சொன்னாப் போதும்." வெயிலுக்கு எலுமிச்சைத் தோலின் மணம், மழைக்குச் சீவிய மரத்தின் மணம். அந்த அறையைத் தாண்டினால் அதுவும் தெரியாது. முன்பக்கம் ஃபிரேம் எடுத்துக் கொடுக்கும் மச்சினி ஒருநாள் தாராளமாக அடித்துக்கொண்டு வந்தாள். "நீ இப்பதாம்மா வர்றே. உன் சென்ட்டு வந்து ரொம்ப நேரமாச்சு" என்றார். அவள் இரண்டு நாள் பேசவில்லை.

வாசனை வாங்குவது அவருக்குச் சம்பந்தம் பேசுவது போல. ஒரு கைக்கு ஒன்று, அதற்கு மேல் போடமாட்டார். போட்டுக்கொண்டு கடையைவிட்டு இறங்கிவிடுவார். பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி தன் கையையே முகர்ந்து முகர்ந்து பார்ப்பார். பக்கத்தில் நிற்பவர் மெதுவாக நகர்ந்துகொள்வார். "சார், இது எத்தனாவது தடவை? வாங்குவீங்களா, மோந்துட்டே போவீங்களா?" என்று அடுத்த முறை கடையில் விற்கிற பெண் அலுத்துக்கொண்டால் சிரிப்பார். "கடையில எல்லாமே நல்லாத்தாம்மா இருக்கு. சாயங்காலம் என்கூட வீட்டுக்கு வந்து சேருதான்னு பாக்கணும்."

மச்சினிக்கு இதெல்லாம் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. அவர் மனைவிக்கு, அவளுடைய அக்காவுக்கு, மார்பில் கட்டி வந்து கீமோ தொடங்கியபோதுதான் அவள் இந்த மனிதரை வாய் பிளந்து பார்க்கத் தொடங்கினாள்.

மருந்து ஏறியதும் அக்காவுக்கு எந்த மணமும் ஆகவில்லை. சோப்பு வாசம் பட்டாலே குமட்டியது. அன்றே அவர் குப்பிகள் அத்தனையையும் மூட்டையாகக் கட்டி மச்சினி வீட்டில் கொண்டுபோய் வைத்தார். மணமில்லாத சோப்புக்காக ஊரையே சல்லடை போட்டுச் சலித்தார். அப்படியும், "உங்ககிட்ட என்னமோ வருதுங்க" என்றாள் அக்கா. சட்டைகளை வெந்நீரில் துவைத்தார், தலைமுடியை ஒட்ட வெட்டினார், தலையணையை மாற்றினார். அப்போதும் வந்தது. கடைசியில் கைக்கடிகாரத்தின் தோல் வாரைக் கழற்றி மூக்கில் வைத்தவர், திருடனைப் பிடித்ததுபோல் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து வெறுங்கை. இருட்டறையில் உட்கார்ந்த வழக்கமான வாடிக்கையாளர் ஒருவர், விளக்கைப் போட்டதும் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார்.

சிகிச்சை முடிந்தது. நல்லபடியாக முடிந்தது என்று டாக்டரும் சொன்னார். ஆனால் அக்கா யாரையும் அருகே விடவில்லை. "என் மேல மருந்து நாத்தம் அடிக்குது. தள்ளி உக்காருடி." கட்டிலில் நடுவே ஒரு தலையணையை வைத்துக் கணவரையும் அந்தப்பக்கமே படுக்கச் சொன்னாள். மச்சினிக்குப் பொறுக்கவில்லை.

"அத்தான், அப்படியெல்லாம் ஒண்ணும் அடிக்கலன்னு நீங்களாவது சொல்லுங்களேன்!"

"சொன்னேம்மா. நான் சொன்னா அவ மூக்கு கேக்குமா?"

மறுபடியும் வாசனைக் கடைக்குப் போகத் தொடங்கினார். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு காகிதத் துண்டில் ஒரு சொட்டு. ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, அறை வாசலில் நின்று காட்டுவார். அக்கா உள்ளிருந்தே தலையை ஆட்டுவாள், வேண்டாம் என்று. பூ வேண்டாம். பழம் வேண்டாம். சந்தனம் வேண்டவே வேண்டாம். அவர் ஏன் என்று கேட்கமாட்டார், முகம் வாடமாட்டார். துண்டைத் தெருக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து கைகழுவுவார். "போதுமே அத்தான், அவளையும் படுத்தி, நீங்களும் அலைஞ்சு" என்று மச்சினி ஒருநாள் வாய்விட்டே சொன்னாள். "அவ இன்னும் மூக்கைப் பொத்திக்கலையேம்மா. வேணாம்னுதானே சொல்றா" என்றார்.

ஒரு மாலை அக்காவின் தலை ஆடவில்லை.

"இது என்ன? மழை பேஞ்ச கல்லு மாதிரி, வெள்ளரிக்கா நறுக்கின மாதிரி... கிட்ட கொண்டாங்க."

அவர் கொண்டுபோகவில்லை. "காயிதத்துல இருக்கிறது பாதிதான். நாளைக்கு" என்று சொல்லிவிட்டார். அக்காவின் தோல் மருந்தில் வெந்திருந்தது. அதில் எதையும் படவிடமாட்டார் என்பது மச்சினிக்குப் புரிந்தது. மறுநாள் காலையில் தன் முழங்கை மடிப்பிலேயே இட்டுக்கொண்டார். கடைக்குப் போனார், ஆட்களின் கண்ணைப் பார்த்தார், வெயிலில் நடந்தார். சாயங்காலம் தோலோடு ஒட்டி எது மிச்சம் நின்றதோ, அதோடு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, நடுவிலிருந்த தலையணைமேல் கையை மல்லாக்க வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தால் தனக்காகவே நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிடுவாளோ என்னவோ, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா வெகுநேரம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு குனிந்தாள். நிமிரவில்லை. கன்னத்தை அந்த மடிப்பிலேயே வைத்து, சுருண்டு, அப்படியே தூங்கிப்போனாள்.

மச்சினி காபி ஆற்றிக்கொண்டு அறை வாசலுக்கு வந்தாள். அவர் அசையவில்லை. மறுகையை மட்டும் உயர்த்தி, ஆவியும் மணமும் பறக்கும் அந்தத் தம்ளரைப் பார்த்தபடி, அங்கேயே நில் என்று காட்டினார்.