ஆயுத பூஜையன்று கழற்றிய பிளக்

காலை ஐந்து ஐம்பது. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, காருக்கு அடியில் தேங்கியிருந்த தண்ணீர். முந்தின நாள் மாலை நான் ஊற்றியதுதான். சிமென்ட் தரையின் பள்ளத்தில் நின்றிருந்தது. அதில் தெருவிளக்கு தெரிந்தது.

அன்று ஆயுத பூஜை. முந்தின நாள் மாலை மேனாம்பேட்டில் எங்கள் தெரு முழுக்க வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். நானும் ஆவடி வரை போய்விட்டு வந்து, சூடு ஆறுவதற்குள் கழுவ ஆரம்பித்தேன். பானெட்டைத் திறந்து இன்ஜின் மேலும் ஹோஸைப் பிடித்தேன். முன்பெல்லாம் மனைவி குங்குமக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்று, “இன்ஜின்ல தண்ணி அடிக்காதீங்க” என்பாள். மகளின் பிரசவத்துக்காக வேலூர் போனவள் அங்கேயே தங்கி இரண்டு வருடமாகிறது. சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. போனாள், வரவில்லை.

அந்த வாரம் போன் செய்திருந்தாள். “தையல் மெஷினும் கிரைண்டரும் இங்க வேணும். பூஜை அன்னைக்கு பஸ்ல வர்றேன். சாமானோட என்னைக் கார்ல கொண்டுவந்து விட்டுடுங்க. கார் வேலூர் வரைக்கும் ஓடுமா?”

“ஓடும்.”

“ஓடாதுன்னா சொல்லிடுங்க. மாப்பிள்ளை வேன் அனுப்பிடுவார். நான் வரவேண்டியதில்லை. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுக்கறேன்.”

வேலூர் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆகும். இரண்டு வருடத்தில் நாங்கள் போனில் பேசியதை எல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது. அந்த இரண்டரை மணி நேரம் எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு கார் ஓட வேண்டும்.

சாவியைத் திருப்பினேன். இன்ஜின் பிடித்தது, ஆனால் வண்டி மொத்தமும் குலுங்கியது. இருபது வயதான சின்ன கார். மூன்று சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தீப்பொறி கொடுக்க ஒரு பிளக். அதில் ஒன்று எரியவில்லை என்று சத்தத்திலேயே தெரிந்தது.

எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இன்ஜின் ஓடும்போதே, கையில் காய்ந்த துணியைச் சுற்றிக்கொண்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும். நல்ல பிளக்கின் வயரைக் கழற்றினால் இன்ஜின் இன்னும் தள்ளாடும். முதல் வயரில் தள்ளாடியது. மூன்றாவதிலும் தள்ளாடியது. நடு வயரைக் கழற்றினேன். சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை.

இன்ஜினை அணைத்துவிட்டு டார்ச் அடித்தேன். நடு பிளக் இருந்த குழியில் தண்ணீர். பழைய பனியனைத் திரித்து உள்ளே விட்டு உறிஞ்சி எடுத்தேன். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய விரிசல். சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டிருக்கிறது. புது பிளக் வேண்டும். அதைக் கழற்றும் நீளமான ஸ்பானர் என்னிடம் இல்லை.

தெருமுனை மெக்கானிக் கடைக்கு நடந்தேன். வாசலில் வாழைக்கன்று கட்டி, பூஜையை விடியற்காலையிலேயே முடித்திருந்தார்கள். உள்ளே சாமி படத்தின் முன்னால் தலைவாழை இலைகள். ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், ஜாக்கி எல்லாம் அவற்றின் மேல் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டு.

“இன்னா சார், காத்தாலயே? பொரி எடுத்துக்கோங்க” என்றார் மெக்கானிக்.

“நடு பிளக் போயிடுச்சு. கொஞ்சம் வந்து மாத்திக் குடுக்கணும்.”

“இன்னிக்கா? சாமானெல்லாம் சாமிகிட்ட கீது சார். நாளைக்குக் காத்தால தான் எடுப்போம். மொத வேல உங்க வண்டிதான்.”

“ஒரே ஒரு ஸ்பானர். சாமி கோவிச்சுக்குமா?”

“சாமி கம்முனுதான் கீது. எங்க ஊட்டுக்காரிதான் பாத்துகினு கீறா.”

“எல்லாம் கேட்டுகினுதான் கீறேன்!” என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

அவர் சிரித்தார். அலமாரியிலிருந்து ஒரு புது பிளக்கை எடுத்துக் கொடுத்தார். “இத எடுத்துனு போங்க. பொட்டு வெக்காதது. உங்க எதிர் ஊட்ல டாங்கி ஃபேக்டரி அண்ணாத்தே கீறாரே, அவரு சர்ச்சுக்காரரு. அவரு ஸ்பானருக்கு இன்னிக்கு லீவு கெடையாது.”

எதிர் வீட்டுக்காரர் ஆவடி ராணுவ டாங்கித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிப் பக்கம். அவரும் நானும் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். அவர் வீட்டு அழைப்பு மணி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத் தேட வேண்டியிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஸ்பானரோடு வந்தார். “நேத்து நீங்க இஞ்சினக் குளிப்பாட்டும்போதே மாடியிலேருந்து பாத்தேன். வேண்டாம்னு சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன்.”

“சொல்லியிருக்கலாமே, சார்.”

“நாம என்னைக்குப் பேசியிருக்கோம்?”

காரிடம் வந்ததும், “நான் போட்டுத் தாரேன்” என்றார். நானே போடுகிறேன் என்றேன். பக்கத்தில் நின்றுகொண்டார். பழைய பிளக் முதலில் அசையவில்லை. பிறகு கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு இளகியது. அதன் முனை ஈரமாக, கறுப்பாக இருந்தது. பெட்ரோல் நாற்றம் அடித்தது.

“புதுச மொதல்ல கையாலயே திருகுங்க” என்றார். “ஸ்பானர் கடைசிலதான். மரை தப்பிச்சுன்னா இஞ்சின் போச்சு.”

பிளக்கைக் குழிக்குள் இறக்கப் போனபோது சட்டைப் பையில் போன் அடித்தது.

“பஸ் ஸ்டாண்டுல இருக்கேன். கார் ஓடுதா?”

புது பிளக் இன்னும் என் இடது கையில் இருந்தது. “ஓடுது” என்றேன்.

“சத்தமே கேக்கலையே.”

“அணைச்சு வச்சிருக்கேன்.”

“சரி, ஏறிடறேன்.”

எதிர் வீட்டுக்காரர் என் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். “வீட்ல வாராங்களாக்கும்” என்றார். நான் தலையசைத்தேன்.

விரலால் திருகி இறக்கினேன். மரை தப்பாமல் போனது. ஸ்பானரால் கடைசி அரைத் திருப்பு. வயரை அழுத்தி மாட்டிவிட்டு சாவியைத் திருப்பினேன். ஒருமுறை இருமியது. இரண்டாம் முறை பிடித்தது. மூன்று சிலிண்டரும் ஒரே சீராக ஓடின. பானெட்டில் கையை வைத்துப் பார்த்தேன், குலுக்கல் இல்லை. “சொல்லிட்டியள்லா, இனி ஓடித்தானே ஆவணும்” என்று சொல்லிவிட்டு அவர் ஸ்பானரை வாங்கிக்கொண்டு போனார். தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, வீட்டைப் பெருக்கினேன். முன் இருக்கையில் கிடந்த பழைய செய்தித்தாள்களை எடுத்துவிட்டு, அதைத் துடைத்தேன்.

மதியம் பூந்தமல்லியில் இறங்கி ஆட்டோவில் வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். கண்ணாடி மாற்றியிருந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராக சமையலறைக்குப் போய், தானே தண்ணீர் எடுத்துக் குடித்தாள்.

“சாப்பிடலாமா?” என்றேன்.

“வேணாம். இருட்டறதுக்குள்ள போயிடணும்.”

மெஷினைப் போர்வையில் சுற்றி டிக்கியில் வைத்தேன். அது நிறைந்துவிட்டது. கிரைண்டரைப் பின்சீட்டில் வைப்பதற்காகக் கதவைத் திறந்தேன்.

“முன்னாடி வைங்க” என்றாள். “நான் பின்னாடி உக்காந்துக்கறேன்.”

கிரைண்டரை முன் இருக்கையில் வைத்து, சாயாமல் இருக்க சீட் பெல்ட்டை மாட்டினேன்.