சொல்லாமல் விட்ட கடுகளவு

முதலில் வந்தது கொட்டாவிதான். பத்து மாதப் பிள்ளை பாவாயி, காலையிலிருந்து ஓயாமல் கொட்டாவி விட்டாள். பிறகு தும்மல், வியர்வை. சாயங்காலத்துக்குள் தண்ணீராக வயிற்றால் போயிற்று.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் ராசிபுரத்துப் பக்கம் நெசவு வீடுகளில் தறியில் ஏற்றும் பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவோம். பாதியில் கையை எடுத்தால் கஞ்சி காய்ந்து இழை ஒட்டிக்கொள்ளும். பிள்ளை அழுதாலும் எழுந்து போக முடியாது. அதனால் கடுகளவு அபினைத் தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவித் தூங்க வைப்போம். நான் மட்டுமா செய்தேன்? தெருவே செய்தது.

அந்த வருஷம் சட்டம் வந்து அபின் கடையைப் பூட்டினார்கள். டாக்டர் சீட்டு இல்லாதவர் கையில் இருந்தால் குற்றம் என்றார்கள். வீட்டில் மிச்சமிருந்ததும் தீர்ந்தது. பழகிய உடம்பு அதைக் கேட்டது; இரண்டாம் நாள் கொட்டாவி.

டவுன் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறும்போதே என் வீட்டுக்காரர் காதோடு சொன்னார்: "அபின்னு வாயத் தொறந்தீன்னா உன்னையப் போலீஸ் கச்சேரிக்கு இழுத்துருவாங்க."

டாக்டர் நல்ல மனுஷர். இமையை விரித்துக் கண்மணியைப் பார்த்தார், நடுங்கும் காலைப் பிடித்துப் பார்த்தார். "ஏம்மா, தூங்கறதுக்கு ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"இல்லீங்க சாமி. தாய்ப்பால்தானுங்க."

என் வாயில் மண்ணைப் போட. கோடைப் பேதி (வெயில் காலத்தில் குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கு) என்று நினைத்து மருந்து கொடுத்தார். இரண்டு நாள் போயிற்று. பிள்ளை கீச்சுக் குரலில் அழுதாள், பிறகு அழவும் தெம்பில்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் காலில் விழுந்து எல்லாம் சொன்னேன். சிறைக்குப் போனாலும் போகிறேன் என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. பூட்டிய அலமாரியைத் திறந்து, அபின் டிங்சர் (அபினைச் சாராயத்தில் ஊறவைத்து இறக்கிய மருந்து) எடுத்து, நிறையத் தண்ணீரில் கலந்து துளி கொடுத்தார்.

"இதைக் குடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கறதுக்குச் சட்டத்துலயே எனக்கு எடம் இருக்கும்மா. மொத நாளே சொல்லியிருக்கலாம்."

நடுக்கம் நின்றது. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். ஆனால் உடம்பில் நீர் வற்றிப்போயிருந்தது. மத்தியானம் போய்விட்டாள்.

இதைப் படிக்கிற தாய்மார்களே, டாக்டரிடம் மறைக்காதீர்கள். சட்டத்துக்குப் பயந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். தெருவில் பெயர் கெடுமே என்றும் பயந்தேன், அதுதான் நிஜம்.

புதைத்துவிட்டு வந்த பிறகும் வேளைக்கு வேளை பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று பக்கத்து வீட்டம்மா கொண்டுவந்து கொடுத்தார். நான் கட்டவில்லை. ஒன்பதாம் நாள் அதுவாகவே நின்றது.

பாவாயி போன நாள் எது என்று கேட்டால் என் வீட்டுக்காரர் ஒரு வெள்ளிக்கிழமையைச் சொல்வார். எனக்கு அது பால் நின்ற நாள்.